கலப்புக் குடியிருப்பின் கடைசி வீடு

மனித குலத்தின் நலன் கருதி முதலில் ஓர் அறிவிப்பு: எங்கள் சின்ன ஊரில் ஏழை, பணக்காரர் என்ற பேதம் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பாக, ஒருமனதாக ஒழிக்கப்பட்டது. தீர்மானத்தை எழுதியவன் நான். தேநீரில் சர்க்கரை குறைவு என்பதைத் தவிர வேறு எதிர்ப்பு எழவில்லை.

நீங்கள் மதில் இடிந்ததைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள், தெரியும் ஐயா. ஆனால் மதில் மேல் குற்றமில்லை. விழப்போகிறேன், விழப்போகிறேன் என்று அது வருஷக்கணக்காக விரிசல் விட்டுக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. வெயில் முகத்தில் அடிக்கிறதா? திரையை இழுத்துவிடுகிறேன்.

பழைய பஸ் டிப்போ இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டிடம். பாதி வீடுகளை வசதியுள்ளவர்களுக்குச் சந்தை விலையில் விற்பது. வரும் லாபத்தில் மீதிப் பாதியை இல்லாதவர்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுப்பது. பல் டாக்டரும் தெருக் கூட்டுபவரும் ஒரே படியில் ஏறி இறங்குவார்கள். கலப்புக் குடியிருப்பு என்று பெயர் வைத்தோம். நான் திட்டக்குழுச் செயலாளர். தலைவரை ஊரில் ‘மைக்’ என்பார்கள். கைக்கு வந்த மைக்கை அவர் திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. இன்னொரு உறுப்பினர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதையும் ‘ஆனால்’ என்றுதான் தொடங்குவார், அதுவே பெயராகிவிட்டது.

ஊர்க் கூட்டத்தில் என் அட்டை மாதிரியை மேஜைமேல் வைத்தேன். பஞ்சில் மரமெல்லாம் செய்து ஒட்டியிருந்தேன். எல்லோரும் ஆஹா என்று பார்த்துக்கொண்டிருக்கையில் தையல்காரம்மா எழுந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடி நேரே கடையிலிருந்து வந்திருந்தார்.

“அண்ணே, ஒரு சந்தேகம். எல்லாரும் ஒண்ணுன்னு சொல்றீங்க. வாசல் மட்டும் ஏன் ரெண்டு இருக்கு? எங்க வாசல் குப்பைத்தொட்டிப் பக்கமால்ல போகுது?”

“அது காற்றோட்டத்துக்காகம்மா.”

“யாரு மேல பட்ட காத்து யாரு மேலயும் பட்டுடக் கூடாதுன்னா?”

கூடம் குலுங்கியது. மைக்கும் சிரித்தார், அதுவும் மைக்கிலேயே சிரித்தார். பஞ்சு மரங்கள் அதிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்றே இரண்டாவது வாசலை எடுத்துவிட்டேன். அவருக்கு நன்றியும் சொன்னேன். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொண்டால் நல்லது.

தையல்காரம்மா தன் அம்மாவோடு மேட்டுச் சரிவில், மண்ணைத் தாங்கி நின்ற அந்த மதிலை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தார். அடுத்த பெருமழையை அந்த மதில் தாங்காது என்று என்ஜினீயர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். கட்டிடம் முடிந்ததும் வீடுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தோம். கடைசியில் தரைத்தளத்தில் வீடு ஒன்று, கேட்பவர்கள் இரண்டு பேர் என்று வந்து நின்றது. ஒருவர் தையல்காரம்மா. இன்னொருவர் மார்க்கெட் வாட்ச்மேன். மனைவியோடு அங்கேயே ஒரு கொட்டகையில் இருந்தார். என்னைத் தூரத்தில் கண்டாலே எழுந்து சல்யூட் அடிப்பார். நல்ல மனிதர்.

“அந்தம்மாவுக்கே குடுத்துடலாமே, மதில் பயம் இருக்குல்ல?” என்றார் மைக்.

அங்கேதான் கொள்கை என்று ஒன்று குறுக்கே வருகிறது. “ஆபத்துல இருக்கிறவங்களுக்கு முன்னுரிமைன்னு ஆரம்பிச்சா, நாளைக்கு ஊர்ல பாதிப் பேரு மதிலடியில போய்ப் படுத்துப்பாங்க தலைவரே. குலுக்கல்தான் நியாயம்,” என்றேன். கைதட்டினார்கள். இன்று யோசித்தாலும் நல்ல வாதம்.

“ஆனால்,” என்றார் தலைமையாசிரியர், “சீட்டோட ஓரத்தை லேசா மடிச்சு வச்சா, எடுக்கிறவர் கைக்குத் தெரிஞ்சிடுமே?”

அதனால் முறைகேடு நடக்காமல் இருக்க, சீட்டுகளை ஒரே மாதிரி இரண்டு குட்டி எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு மூடுவது என்று முடிவாயிற்று. எடுப்பவர் கண்ணைக் கட்டிவிடுவது. எடுப்பவர் யார்? ஊரிலேயே கை சுத்தமானவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன். டப்பாக்களைத் தயார் செய்து கொண்டுவரும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். நம்பிக்கை என்பது பெரிய விஷயம் ஐயா.

குலுக்கல் அன்று காலையில் என் மனைவி ஃப்ரீசரைத் திறந்தாள்.

“ஏங்க, ஐஸ் ட்ரேக்குப் பக்கத்துல இது என்ன டப்பா?”

“மருந்து.”

“யாருக்கு?”

“ஊருக்கு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

டப்பாவை ஐஸ் பொதியில் சுற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். கடைசி நொடியில் பொதியைப் பிரித்து, இரண்டு டப்பாக்களையும் குலுக்கல் வாளியில் போட்டேன். மைக் தன் மஃப்ளரால் என் கண்ணைக் கட்டினார். தொண்டை மிட்டாய் வாசனை ஆளைத் தூக்கியது. கையை விட்டேன். ஒரு டப்பா சில்லென்று இருந்தது. அதை மரியாதையாக ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்தேன்.

வாட்ச்மேன் அழுதேவிட்டார். தலைமையாசிரியர் விடவில்லை. மிச்சமிருந்த டப்பாவையும் திறந்து, உள்ளே தையல்காரம்மா பெயர்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினார்.

“ஆனால், இது என்ன இப்படி ஜில்லுன்னு இருக்கு?”

“ஸ்டீல் அப்படித்தான் சார்,” என்றேன்.

பௌதிகப் பாடம் எடுத்தவர் அவர். தலையாட்டினார்.

தையல்காரம்மா நேரே என்னிடம்தான் வந்தார். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். “பரவால்லண்ணே. வாசலை ஒண்ணாக்கினீங்களே, அதுவே போதும். வாட்ச்மேன் அண்ணனுக்கு ஜன்னல் திரை நான் தச்சுத் தரேன். தரைவீடு, வெயில் நேரா மூஞ்சிலதான் அடிக்கும்,” என்றார். சொன்னபடி தைத்தும் கொடுத்தார். மடிப்பு, ஓரம் எல்லாம் அவ்வளவு நேர்த்தி.

பிறகு மழை வந்தது. மண்ணை அள்ளி முடிக்க மறுநாள் மதியம் ஆயிற்று. தாயும் மகளும் ஒரே கட்டிலில் இருந்தார்கள். தையல் மெஷினுக்கு ஒரு கீறல் இல்லை. இரங்கல் கூட்டத்தில் மைக் தானாகவே மைக்கை என்னிடம் நீட்டினார், அதுவும் எங்கள் ஊர் வரலாற்றில் முதல்முறை. நன்றாகவே பேசினேன் என்று சொன்னார்கள். இரண்டு பேர் விசும்பினார்கள்.

கொஞ்ச நாளில் வாட்ச்மேன் சாவியோடு வந்து நின்றார். சல்யூட் இல்லை.

“சார், அந்தத் திரையை இழுக்கிறப்பல்லாம் வீட்டுக்காரி அழுறா. எனக்கும் தூக்கம் வரல. கொட்டகையே போதும், வச்சுக்குங்க.”

அதன் பிறகு அந்த வீட்டைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஒரு முன்மாதிரிக் கட்டிடத்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கலப்பு என்று ஊருக்குச் சொன்னவன் முதலில் தான் கலந்து காட்ட வேண்டாமா? நானே குடிவந்தேன். மனைவி வரவில்லை, தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். மூட்டுவலி என்று சொல்லி அனுப்பினாள். தரைத்தளத்துக்குப் படி கிடையாது என்று அவளுக்கு நினைவூட்டியிருக்கிறேன்.

ஆமாம் ஐயா, இதே வீடுதான். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்திருப்பது அந்த ஜன்னலோரம்தான். திரையும் அதேதான்.

எழுதிக்கொள்ளுங்கள். மதில் விழும் என்று எனக்குத் தெரியும். அந்த டப்பாவைக் குளிர வைத்தவன் நான். வாளிக்குள் என் விரல் அதைத் தொட்டது, தொட்டுவிட்டு விலகியது. ஆனால் நான் செய்தது முழுக்கக் குடியிருப்பின் ஒற்றுமைக்காக. கூட்டத்துக்குக் கூட்டம் கேள்வி கேட்கிற ஒருவர் உள்ளே இருந்தால் கலப்பு எப்படி நிலைக்கும்? சொந்த லாபம் என்று இதில் ஒரு துளியும் கிடையாது.

என் பழைய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன், சந்தை விலைக்கு.