கண் திறந்து கொடுத்த படம்

மத்தியானம் பன்னிரண்டேகால் மணி. மேச்சேரிக்கு மேற்கே தார் ரோடு முடிந்து மண் தடம் பிரிகிற இடம். இரண்டு பக்கமும் சோளத்தட்டு அறுத்த மொட்டைக் காடு... ஆள் இல்லை. ஆடுகூட இல்லை.

ராத்திரி என்றால்தான் பயம் என்று யார் சொன்னது? நிழல் காலுக்கடியில் சுருண்டு படுத்துக்கொள்கிற உச்சிவெயில் இருக்கிறதே, அதற்கு எந்த ராத்திரியும் ஈடில்லை. கிட்ட வந்து உட்காருங்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

நம் மாதேஷ் இருக்கிறானே, அவனுடைய பெரியப்பா மகன் ஜீவானந்தத்துக்கு நடந்தது இது. எடப்பாடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவன். அன்றைக்கு அந்தத் தடத்தில் பைக்கில் தனியாகப் போனான், ஒரு சாவு வீட்டில் படம் எடுக்க.

இறந்தவள் பெயர் ராமாயி. அவள் பிள்ளை தனபால், போர்வெல் தோண்டுகிற ரிக் லாரியில் வடக்கே போய் வேலை செய்கிறவன். ஆயுசு முழுக்க அந்த அம்மாள் ஒரு நல்ல படம் எடுத்துக்கொண்டதில்லை. குளிப்பாட்டி, நெற்றியில் காசு ஒட்டி, தாடையைத் துணியால் கட்டிச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். சாம்பிராணிப் புகை, வாடிய சம்பங்கி... அதற்கடியில் இன்னொரு வாசனை.

"கண்ணு மூடியிருக்குதுங்க. தெறந்தாப்புல பண்ணிக் குடுத்துருங்க," என்றான் தனபால்.

"பண்ணிரலாமுங்க."

இது ஒன்றும் புதிதில்லை. மாலை போட்டுக் கும்பிடுகிற படத்தில் கண் மூடியிருந்தால் யாருக்கும் மனசு ஒப்பாது. அதற்கென்றே ஜீவானந்தம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் நிறையக் கண்களாகச் சேர்த்து வைத்திருந்தான். எல்லாம் போய்ச் சேர்ந்தவர்களின் கண்கள். இருக்கிறவர்கள் கண்ணை மட்டும் எடுத்து ஒட்டக் கூடாது. அவர்கள் தொழிலுக்குள் அப்படி ஒரு கட்டுப்பாடு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

கேமராவைத் தூக்கினான். ஒரே ஒரு 'க்ளிக்'... அவ்வளவுதான், பேட்டரி போய்விட்டது.

ஒரிஜினல் பேட்டரி ஏழாயிரம் ரூபாய். லென்ஸ் மூடி, வெறும் பிளாஸ்டிக் வட்டம், அதற்குத் தொள்ளாயிரம். "ஏனுங்க, இதுல வெள்ளி கிள்ளி கலந்திருக்குதுங்களா?" என்று சேலத்துக் கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டான். "அதைத்தான் நானும் கம்பெனிக்காரன்கிட்டக் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றார் அவர். கடைசியில் எண்ணூறு ரூபாய்க்கு டூப்ளிகேட் பேட்டரி வாங்கிப் போட்டிருந்தான். அது செய்த வேலை இது.

சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டுடியோவில் உட்கார்ந்தான். ஆறுக்குள் பிரேம் போட்டுக் கொடுக்க வேண்டும். மாசாமாசம் வாடகை மாதிரிப் பணம் கட்டுகிற எடிட்டிங் சாஃப்ட்வேர் அது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கனம் கூடிக்கொண்டே போனது. அவன் மெஷினோ பழசு. பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால், போய் டீ குடித்துவிட்டு வரலாம். கண் ஃபோல்டரைத் திறந்தான். நீல வட்டம் சுற்றியது. உள்ளே ஃபேன் 'கிர்ர்' என்று இரைந்தது. இருபது நிமிஷம்... வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. அதற்குள் தனபால் இரண்டு தடவை போன் செய்துவிட்டான்.

திரையின் ஓரத்தில் இன்னொரு படம் ஏற்கெனவே திறந்து கிடந்தது. பேங்குக்காகக் காலையில் எடுத்த அவன் அம்மா மாரக்காளின் பாஸ்போர்ட் சைஸ் படம். அறுபது வயதிலும் விசைத்தறியில் அறுந்த இழையைக் கண்ணாடி போடாமல் முடிகிறவள். அந்தக் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஸ்டுடியோ வருமானம் ஸ்டுடியோவுக்கே பத்தாது.

ஒரு தடவைதானே... என்று நினைத்தான்.

அம்மாவின் கண்களை வெட்டினான். ராமாயியின் முகத்தில் ஒட்டினான்.

அந்த ஒரு வேலை மட்டும் கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்தது. வட்டம் சுற்றவே இல்லை.

பிரிண்ட் வெளியே வந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. அம்மா.

"ஏஞ் சாமி, அங்க கரண்டு இருக்குதா? இங்க திடீர்னு இருட்டிப் போச்சு."

"பின்னால தறி ஓடற சத்தம் கேக்குதேம்மா."

"ஆமா..." என்றாள். "ஆமா, ஓடுது..."

படத்தைப் பக்கத்துப் பிரேம் கடையில் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினான். தனபால் வந்து, மூன்றாம் நாள் சடங்கில்தான் பிரிப்பது என்று செய்தித்தாளில் சுற்றி வாங்கிப் போய்விட்டான்.

சேலத்தில் பெரிய டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் மாரக்காள் முதல்முதலாக அழுதாள்.

மூன்றாம் நாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "பேப்பரக் கிழிக்கறாங்க... வெளிச்சம் வருது சாமி! இது யாரு ஊடு? செவப்புத் துண்டு போட்ட ஒருத்தன் மால போடறான். பொகை கண்ணக் கரிக்குது..." என்றவள், கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

ஜீவானந்தம் விழுந்தடித்துக்கொண்டு போனான். சிவப்புத் துண்டோடு தனபால் நின்றிருந்தான்.

"வேற படம் போட்டுத் தாரேனுங்க. காசே வேண்டாமுங்க. இதக் குடுத்துருங்க."

"கும்பிட்ட படத்த வருசம் திரும்பாம எறக்கறதாவது? என்னங்க பேசறீங்க நீங்க?" என்றான் தனபால். பிறகு படத்தைத் திரும்பிப் பார்த்தான். "எங்கம்மா உசுரோட பாக்கற மாதிரியே இருக்குது. இதவிட நல்லதா என்னத்தப் போடுவீங்க?"

கருமாதி முடிந்தது. தனபால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரிக் லாரி ஏறிவிட்டான்.

ஜீவானந்தம் ஒட்டிய கண்களை அழித்துப் பார்க்கலாம் என்று அந்த ஃபைலைத் திறந்தான். வட்டம் சுற்றியது. ராத்திரி முழுக்கச் சுற்றியது. இருந்த நல்ல லென்ஸை விற்று ரேம் வாங்கிப் போட்டான். அப்புறம் மெஷினையே மாற்றினான். இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பூட்டை உடைத்துப் படத்தை எடுத்து வந்தால் என்ன என்றும் யோசித்தான். கை தவறிக் கண்ணாடி உடைந்தால்...? அதற்கு மேல் அவனால் நினைக்க முடியவில்லை.

படம் மாட்டியிருந்த அந்தப் பூட்டிய வீட்டுக் கூடத்துக்குக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. உச்சிப்பொழுதில் மட்டும் உள்ளே வெளிச்சம் இறங்கும். படத்துக்கு நேர் எதிரே, இருட்டுத் திண்ணையைப் பார்த்த ஒரு சின்ன ஜன்னல். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜீவானந்தம் அங்கே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அம்மாவுக்குப் போன் போடுவான்.

"இளச்சுப் போயிட்டயே சாமி. சவரம் பண்ணக் கூடாதா?" என்பாள் எடப்பாடியிலிருந்து. ஐந்து நிமிஷம் அவனைப் பார்ப்பாள். வெளிச்சம் நகர்ந்துவிடும். மறுபடி அவன் முகத்தைப் பார்க்க ஒரு வாரம்.

போன ஞாயிற்றுக்கிழமையும் போனான். காற்றே இல்லை. வௌவால் எச்சமும் காய்ந்த பூவும் சேர்ந்த நாற்றம்.

"வந்துட்டயா சாமி? தெரியலயே."

"உன்ர முன்னாலதாம்மா நிக்கறேன்."

"எங்க தெரியுது? அந்தம்மாவக் கொஞ்சம் நகரச் சொல்லு. வெளிச்சம் வந்ததுல இருந்து கண்ண மூடிக்கிட்டு எம் மொகத்துக்கு நேரா நிக்குது. உன்னய மறைக்குது."

கம்பிக்குள் முகத்தை வைத்துப் பார்த்தான். வெறும் கூடம். சுவரில் படம். நடுவில் வெயில்... அதில் மிதக்கிற தூசி. யாரும் இல்லை.

வெளிச்சம் நகர இன்னும் இரண்டு நிமிஷம்தான் இருந்தது. அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மெல்லச் சொன்னான்.

"கொஞ்சம்... நகந்துக்கங்க."

உள்ளே, சிமெண்டுத் தரையில், வெறுங்காலை இழுத்து வைக்கிற சத்தம். ஒன்று... இரண்டு.

"ம்... இப்பத் தெரியற சாமி," என்றாள் மாரக்காள்.