கண்ணாடி அலமாரியின் சாவி

பரிசளிப்பு விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பரஞ்சோதி அண்ணன் அவர்களே, தோட்டத்துப் பெரியோர்களே, குருண் நகரத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் கண்ணயராமல் வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் செல்வங்களே! வணங்குகிறேன். வணங்கிவிட்டுச் சண்டை போடப் போகிறேன்!

சனிக்கிழமைதோறும் இதே பள்ளி மண்டபத்தில் வாசிப்பு வகுப்பு நடத்துகிறவள் நான். சென்ற ஆண்டு இந்த மேடையில் ரூபினிக்கு ஒரு சாகசக் கதைப்புத்தகம் பரிசளித்தோம். கை தட்டினோம். படம் பிடித்தோம். பிறகு? விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் மறித்து, "குடும்மா, அட்டை அழுக்காயிடும்லா" என்று பிடுங்கி, அதோ அந்தக் கண்ணாடி அலமாரியில் பூட்டினோம்! கொடுத்த கையாலேயே பறித்தோமே, இதற்குப் பெயர் பரிசா?

அங்கே கடைசி வரிசையில் இருக்கும் அண்ணே, சிரிக்காதீர்கள்! இன்று உங்கள் மகள் வாங்கும் புத்தகத்துக்கும் அதே பூட்டுத்தான்!

நல்லவேளை, அன்று நாங்கள் நீட்டி முழக்கிய பேச்சு முடிவதற்குள் ரூபினி பாதிக் கதையைப் படித்துவிட்டாள். பாலிங் மலைக்குகையில் ஓர் அண்ணனும் தங்கையும் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளம் ஏறுகிறது. அண்ணன் பாடத் தொடங்குகிறான். அவள் சொன்ன கதையை வெண்பலகையில் எழுதி, "ஏன் பாடினான்?" என்று வகுப்பில் கேட்டேன்.

"விடை எத்தனாவது வரியில இருக்கு டீச்சர்?" என்றார்கள் மற்றப் பிள்ளைகள். அவர்களைக் குற்றம் சொல்வேனா? வரியைத் தேடு, வரியை எழுது என்று பழக்கிய நம்மை அல்லவா சொல்ல வேண்டும்!

ரூபினி மட்டும் எழுந்தாள். "அவனுக்கும் பயம் டீச்சர். தங்கச்சிக்குத் தெரியக்கூடாதுன்னு பாடுறான்."

கதையில் எழுதாததைப் படித்தாளே, அதுவல்லவா நாம் தேர்வில் கேட்கும் கருத்துணர்தல்! அதையல்லவா பூட்டி வைத்தோம்! "அப்புறம் என்ன ஆச்சு டீச்சர்?" என்று ஓராண்டாகக் கேட்கிறாள். ஆறாம் ஆண்டு வகுப்பு முடிந்து இந்த வாரத்தோடு நம் தொடக்கப்பள்ளியை விட்டே போகிறாள். கதை தெரியாமலே போக வேண்டுமா? வயிறு எரிகிறது ஐயா எனக்கு!

பரஞ்சோதி அண்ணே, சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. என்ன, விழா முடியட்டுமா? முடியாது! சாவி வராமல் இந்த ஒலிவாங்கியை விடமாட்டேன்!

...நன்றி அண்ணே. திறந்தாயிற்று. ரூபினி, மேலே வா கண்ணு. அட்டை அழுக்கானால் ஆகட்டும், நீ விட்ட இடத்திலிருந்து உரக்கப் படி. சாவி தந்த தலைவருக்கும் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் என் வணக்கம். நான் உட்காருகிறேன். அந்த இரண்டு பிள்ளைகளும் குகையைவிட்டு வெளியே வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது!