பந்தியில் தூக்கிய ஜாங்கிரி

மதிப்பிற்குரிய பெருமக்களே, நோயாளரைப் பேணும் குடும்பத்தாரே, வணக்கம். பேருந்து பழுதுபட்டமையால் உங்களை முக்கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். அதற்கு ஈடாக என் உரையைச் சுருக்கி, ஒரு சிறு கதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ராஜபாளையத்தில் வடிவாம்பாள் என்றோர் அம்மையார். கணவர் சங்கரலிங்கத்துக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலைதோறும் அவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பவர் யார்? வடிவாம்பாள். கல்யாணப் பந்தியில் அவர் இலையிலிருந்து ஜாங்கிரியைத் தூக்கித் தம் இலையில் வைத்துக்கொள்பவர் யார்? அவரேதான்.

இப்போது கணவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது... இன்னும் சில வாரங்களே. வீட்டுக்கு வந்த மருத்துவர் சொன்னார்.

"அம்மா, சாப்பாடு குறைஞ்சுபோச்சு. பழைய அளவுல மாத்திரை போட்டா சர்க்கரை ரொம்ப இறங்கி மயங்கிருவாரு. மாத்திரையைக் குறைச்சிருக்கேன். தினமும் குத்த வேணாம். ஆசைப்பட்டதை ஒரு வாய் கொடுங்க."

வடிவாம்பாள் மகிழ்ந்தாரா? இல்லை. ஏன்? அன்றே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாத்தனார் கோமு பால்கோவாவோடு வந்து இறங்கிவிட்டாள்...

"பதினெட்டு வருசம் கூடாது கூடாதுன்னு சொல்லி நான் பொல்லாதவளாயிட்டேன். நேத்து வந்தவ ஒரு கரண்டியில நல்லவளாயிருவாளோ?"

என்று வடிவாம்பாளுக்கு வயிறு எரிந்தது. மறுநாளும் விரலில் குத்தினார். கணவர் கையை இழுக்கவில்லை. முகம் மட்டும் சுருங்கியது.

மாலையில் அடுக்களையில் நின்றவர் காதில் விழுந்தது...

"அண்ணே, டாக்டரே சொல்லிட்டாரு. வாயைத் திற."

"வேணாம் கோமு."

"மதினிக்குப் பயமாக்கும்?"

"எத்தனை பந்தியில என் ஜாங்கிரியைத் தூக்கியிருக்கா... தர வேண்டியவ அவதான். அவ கையால தரட்டும்."

வடிவாம்பாள் வந்தார். நாத்தனார் கையிலிருந்த கரண்டியை வெடுக்கென்று வாங்கினார். பொறாமை ஒரு நொடியில் போய்விடுமா என்ன? அரைக் கரண்டி ஊட்டினார். கணவர் கண்மூடிச் சுவைத்தார்...

"சீனி கொஞ்சம் கம்மி" என்றார்.

பெருமக்களே, மருத்துவர் கட்டுப்பாட்டைத் தளர்த்துகையில், உங்கள் பல்லாண்டு உழைப்பை அவர் பழிக்கவில்லை. தடுத்த கையே கொடுக்கட்டும். அந்த உரிமையைப் பிறருக்கு விட்டுவிட்டுப் பின் வயிறெரியாதீர்கள். ஆயின் மாத்திரையையோ ஊசியையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்... கேட்டுச் செய்யுங்கள்.

உங்கள் இல்லத்தில் இத்தகைய நோயாளர் இருப்பின், வீடு தேடி வந்து பேணும் எங்கள் அமைப்பின் செவிலியர் எந்த நாளில் வரலாம் என்பதை வாயிலில் அமர்ந்துள்ள எங்கள் செயலாளரிடம் இன்றே தெரிவியுங்கள். பதில் விரைவாக வேண்டும்.