வீரசிங்கத்தின் குரலுக்கு மின்சாரம்

தலைமை தாங்கும் ஐயா முத்துக்குமாரு அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளைகளைக் கணினி வகுப்பில் சேர்க்கப் பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் நடந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

கணினியின் பெருமையைப் பேச அழைத்தார்கள். எனக்குப் பயத்தைத்தான் பேசத் தெரியும். பின்னால் என்ன குரல்? சத்தம் பத்தலையா அண்ணே? மைக்கை இழுத்துக்கொள்கிறேன். சத்தம் பத்தாமல் போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் மேல்மாடியில் குடியிருப்பவர் புனிதவதி அக்கா. திருமணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இதோ, உங்களோடுதான் அமர்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

அவருடைய தம்பி வீரசிங்கம் போரில் ஊரைவிட்டு வெளியேறிக் கொழும்பில் இருந்தார். எப்போது அழைத்தாலும் தம்பி மனைவி பூமணிதான் தொலைபேசியை எடுப்பார். "அவர் வெளியில போட்டார் மச்சாள்." காலையிலும் வெளியே. மழையிலும் வெளியே. ஒரு மனிதன் எத்தனை முறை வெளியே போவான்? உயிரோடு இருக்கிறானா? அக்கா சாப்பாட்டை மறந்தார்.

ஒருநாள் தபாலில் டிஸ்கெட் ஒன்று, கணினியில் செருகும் தட்டு, வந்தது. அதில் தம்பியின் பதிவுக் குரல்.

என் கணினியில் போட்டோம். என் ஸ்பீக்கரோ சின்னது. சுவரில் செருகும் வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. கணினி கசியவிடும் துளி மின்சாரத்தில் முனகும். முழுதாகக் கூட்டினேன். "சுகம்" என்று ஒரு சொல். மீதி இரைச்சல். சொன்னது தம்பியா? எங்கள் ஆசையா?

எதிர்வீட்டு ஜெய்னுதீன் அண்ணன் எட்டிப் பார்த்தார். பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், ஆம்ப்ளிஃபையர் வைத்துக் கூவிக் கைலி விற்பவர்.

"ஸ்பீக்கருக்கு சக்தி இல்ல பாலா. நடுவுல நம்ம பெட்டிய போடு லா. நான் இதுல கூவுனா கிள்ளான்லேர்ந்து கைலி வாங்க வருவான்."

"உங்க கைலி மாதிரி ஸ்பீக்கரும் கிழிஞ்சிடாதே?"

"கிழியும். மெதுவா திருப்பு."

கணினியின் வயர் பெட்டிக்குள். பெட்டியின் வயர் ஸ்பீக்கருக்கு. குமிழை அடியில் வைத்து மெல்லத் திருப்பினேன். மெல்ல, மிக மெல்ல.

"அக்கா, நான் நல்ல சுகம். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அக்கா அழுதார், சிரித்தார். அங்கே நிறுத்தியிருக்கலாம். அக்கா விடவில்லை.

"இன்னும் கூட்டு பாலா. பின்னால ஆரோ கதைக்கினம்."

கூட்டினால் என்ன கேட்கும்? கூட்டாவிட்டால் என்ன மிஞ்சும்? கூட்டினேன். இரைச்சலுக்குள் பூமணியின் கிசுகிசுப்பு.

"கால் வெட்டி எடுத்ததை மட்டும் சொல்லிப் போடாதேங்கோ."

கைலி விற்கும் பெட்டி, அதை மாடி முழுக்கக் கூவியது.

அக்கா எழுந்தார். கொழும்புக்கு அழைத்தார். "அவர் வெளியில..." என்று பூமணி தொடங்கினார்.

"எந்தக் கால்?" என்றார் அக்கா.

அழுகை. பிறகு ஏதோ தரையில் உரசும் ஓசை. பிறகு வீரசிங்கமே பேசினார்.

"இடது கால், அக்கா."

பெரியோர்களே! சுகம் என்ற ஒற்றைச் சொல்லோடு உறங்கிவிடுகிறோமே, நாம் கேட்டது சுகத்தையா, சக்தியற்ற ஸ்பீக்கரையா? பிள்ளைகளே, கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். கேட்கப் பயமாக இருக்கும். எனக்கு இன்றும் பயம். பயந்துகொண்டே கூட்டுங்கள். நடுங்கிக்கொண்டே கேளுங்கள். கேட்டுவிட்டு, எந்தக் கால் என்று கேளுங்கள்!

கேட்கத் துணிந்த அக்காவுக்கும், கேட்டிருந்த உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.