அட்டைப்படத்தில் மீன்காரன்

ட்ரம்ஸ் அடிச்சது நானு, அட்டையில நிக்கிறது எங்க பாடகன் பிடினோட மச்சான்! எப்படி இருக்கு நியாயம்? தலைய ஆட்டாதீங்க தம்பி, கத்தி காதுகிட்ட இருக்கு. கண்ணாடி ஓரத்துல ஒட்டியிருக்கேன்ல, அதான் எங்க 'காராட்' பேண்டோட மொத கேசட்டு. நாலு பேரு, இடுப்பு வரைக்கும் முடி. அந்தக் கடைசி ஆளுக்குக் குச்சிய எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. மீன் விக்கிறவன்! இப்ப முப்பது வருசமாச்சாம், திரும்ப வெளியிடப் போறானுங்களாம். மறுபடியும் அந்த மீனு!

ஈப்போவுல, ஒரு சவப்பெட்டிக் கடை மாடியிலதான் பதிவு பண்ணோம். கீழ எழவு வீட்டுக்காரங்க பெட்டி பாக்க வந்தா நான் கையக் கட்டிட்டு உக்காரணும். பதினோரு நாளு! ஊருல யாரும் சாகாம இருந்திருந்தா நாலு நாள்ல முடிச்சிருப்போம். பத்திரிகைல ஒரு மகராசன் எழுதினான், ட்ரம்ஸ் சத்தம் கேஸ் சிலிண்டர் ஏத்துன லாரி பள்ளத்துல எறங்குன மாதிரி இருக்காம். அது பாராட்டாம்! கேசட்டு என்னமோ சூடான பீசாங் கோரேங், அந்த வாழப்பழ பஜ்ஜி மாதிரி போச்சு. பேரு? பாடுன பிடினுக்கு.

எல்லாம் டிவிக்காரனால வந்தது. கேசட்டு வர்றதுக்கு முன்னாடி டிவியில ஒரு பாட்டு பாடணும். நீள முடியோட வந்தா காட்ட மாட்டேன்னுட்டான். சரி, வியாழக்கெழம நாலு பேரும் ஒண்ணா வெட்டிக்கலாம்னு பேசினோம். நான் புதன்கெழமையே வெட்டிட்டேன். அட, நல்ல காரியத்த ஏன் தள்ளிப் போடணும்? அம்மாவுக்குப் போன் போட்டு, ஊரையே டிவி முன்னாடி உக்கார வைக்கச் சொல்லிட்டேன். மறுநாள் போறேன்... மூணு பேரும் முடியோட இருக்கானுங்க! "மனசு மாறிட்டோம் லான்"ங்கிறான் பிடின். இன்னொருத்தன் என் கிராப்பப் பாத்துட்டு, "டேய், போலீஸ் வந்துட்டாருடா, கிதார ஒளிச்சு வைங்கடா!" சிரிப்புன்னா சிரிப்பு... டிவி பாட்டும் போச்சு. ஊரு என்ன சொல்லிச்சு தெரியுமா? தலை வணங்காத வீரனுங்களாம்! அப்ப நான் யாரு?

என்ன கேட்டீங்க... அவனுங்கதான் என்ன அட்டையிலேர்ந்து தூக்கினானுங்களான்னா... அது... இல்ல. படம் எடுக்கற அன்னிக்கு எனக்காக ரெண்டு மணி நேரம் காத்திருந்தானுங்க. பிடினே வந்து கதவத் தட்டினான். "லான், மொட்டையோ கிராப்போ, நீதான்டா எங்க ட்ரம்ஸு. வாடா"ன்னான். நான் கட்டிலுக்கு அடியில மூச்சு விடாமப் படுத்திருந்தேன். வெளிச்சம் போகுதேன்னு, மீன் குடுக்க வந்த மச்சான நிக்க வச்சுட்டானுங்க.

இன்னிக்குக் காலையிலகூட பிடின் போன் பண்ணான். ஞாயித்துக்கெழம புது அட்டைக்குப் படம் எடுக்கறாங்களாம். "இந்தத் தடவையாவது வாடா லான்." நான் விடுவேனா? "ஞாயித்துக்கெழம கடையில கூட்டம் தாங்காது, வேற ஆளப் பாரு"ன்னு வச்சுட்டேன்!

ஆச்சு, எழுந்திரிங்க தம்பி. என்னது, பையனயும் கூட்டிட்டு வரணுமா? எப்ப... ஞாயித்துக்கெழமயா?

இல்லயே தம்பி. ஞாயித்துக்கெழம கடை லீவாச்சே.