வெள்ளைப் படகும் மூன்று பேட்டரிகளும்

"…மூணாவது பேட்டரி தம்பி இது! மூணாவது! முதல் பேட்டரி போனப்ப சரி, என் நேரம்னு விட்டுட்டேன். ரெண்டாவது போனப்ப கடைக்காரரை நிக்க வெச்சுக் கேட்டேன். 'படகுல எங்கேயோ கரண்டு போயிட்டிருக்கும்மா'ங்கறாரு. எங்கே போகும்? படகே அக்கரைக்குப் போனா இக்கரைக்கு வந்துடுது. கரண்டு மட்டும் தனியா எங்கே போகும்? …பார்த்து, பார்த்து உக்காருங்க, அந்தப் பலகை ஈரம். எல்லாமே ஈரந்தான். கணுக்கால் அளவு தண்ணிய இப்பத்தான் வாளியால இறைச்சோம்."

எலக்ட்ரீஷியன் தலையை மட்டும் அசைத்தார். கையில் மீட்டரும் வாயில் டார்ச்சுமாக, பலகைக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக் கிடந்தவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை. படகுக்காரம்மாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பதினோரு மணிக்குச் சோதனை அதிகாரி வருகிறார். விளக்கும் தண்ணீர் இறைக்கும் பம்ப்பும் அவர் கண்முன்னே ஓடினால்தான் பயணிகளை ஏற்றும் உரிமம் கிடைக்கும். இல்லையென்றால் இனி காலை நடைகள் அத்தனையும் பக்கத்துப் படகுக்குப் போய்விடும். பக்கத்துப் படகோ அம்மாவின் ஓரகத்தியுடையது. பேட்டரி செத்ததைக்கூட அம்மா தாங்கிக்கொள்வார். அதை ஓரகத்தி பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"பம்ப்பை மட்டும் குத்தம் சொல்லாதீங்க தம்பி. தங்கமான பம்ப்பு. அடியில தண்ணி ஏறினா மிதவை மேல வரும், சுவிட்ச் தானா விழும், பம்ப்பு ஓடும். தண்ணி இறங்கினா நிக்கும். ராத்திரி பூரா ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குதுன்னு துறைக் காவக்காரரே சொன்னாரு. என்ன பொறுப்பு பாருங்க! எங்க வீட்டுக்காரருக்கு அதுல பாதி பொறுப்பு… சரி விடுங்க, அதோ படகு முனையிலதான் உக்காந்திருக்காரு. பேட்டரிதான் விடியறதுக்குள்ள செத்துடுது. செத்ததும் பம்ப்பு நின்னுடுது, தண்ணி ஏறிடுது. ஆகமொத்தம் தப்பு பேட்டரி மேலதானே? …என்னது? எப்போலேர்ந்தா? அப்படிக் கேளுங்க! பெயிண்ட் அடிச்ச பத்தாம் நாள்லேர்ந்து. அதான் எனக்குப் பெயிண்ட்காரர் மேல ஒரு கண்ணு."

எலக்ட்ரீஷியன் டார்ச்சை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு ஒரு ஒயரின் பின்னால் ஊர்ந்தார். அம்மாவின் பேச்சும் அவர் பின்னாலேயே ஊர்ந்தது.

"பளிச்சுனு வெள்ளை அடிச்சேன் தம்பி. முன்னெல்லாம் பம்ப்புத் தண்ணி வெளியே போற ஓட்டை மேலே, விளிம்புக்கு ஒரு சாண் கீழே இருந்துச்சு. அடித்தண்ணி எப்படி இருக்கும், எண்ணெயும் துருவுந்தானே? வெள்ளை மேல பழுப்பா நீளக் கோடு! துறையில அத்தனை பேர் முன்னாடி என் ஓரகத்தி, 'என்னக்கா, உங்க படகுக்குச் சளியா, மூக்கு ஒழுகுதே'ங்கறா. நீங்க சிரிக்காதீங்க, டார்ச்சு ஆடுது. நான் யாரு? மறுநாளே படகைக் கரையில ஏத்தினேன். நானே ட்ரில்லைப் பிடிச்சேன். பழைய ஓட்டையை அடைச்சேன், குழாயை இறக்கினேன், தண்ணி மட்டத்துக்கு நாலு விரக்கடை கீழே புது ஓட்டை போட்டேன். இப்போ எந்த அழுக்கு போனாலும் தண்ணிக்குள்ளேயே போயிடும், வெளியே சொட்டு தெரியாது… என்ன தம்பி, டார்ச்சை விட்டுட்டீங்க?"

எலக்ட்ரீஷியன் டார்ச்சைத் தேடவில்லை. பம்ப்பிலிருந்து குழாயைக் கழற்றி அம்மாவின் காலடியில் தாழ்த்திப் பிடித்தார். பேட்டரி செத்திருந்தது, பம்ப்பு ஓடவில்லை. ஆயினும் குழாயிலிருந்து தண்ணீர் நிதானமாகப் படகுக்குள் கொட்டியது.

"இது… வெளியேலேர்ந்து உள்ளே வருதா? …அப்போ பம்ப்பு வெளியே இறைக்கற தண்ணி, அது நின்னதும்… இதே வழியா… திரும்பி? …மறுபடி இறைச்சு… மறுபடி வந்து… பேட்டரி சாகுற வரைக்குமா?"

எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். பிறகு புது ஓட்டையில் ஒரு மரமுளையை அடித்து இறுக்கினார். குழாயை மறுபடி பம்ப்பில் மாட்டி, மறுமுனையை விளிம்புக்கு மேலே தூக்கி வெளியே வளைத்துக் கயிற்றால் கட்டினார். தாம் கொண்டுவந்திருந்த பேட்டரியை இணைத்தார். பம்ப்பு உறுமியது. பழுப்புத் தண்ணீர் வெள்ளைப் பெயிண்டின் மேல் தாராளமாக வழிந்தது. தண்ணீர் இறங்கியதும் பம்ப்பு நின்றது, நின்றது நின்றதுதான். பக்கத்துப் படகில் யாரோ இருமினார்கள்.

துறைப் பலகையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அதிகாரி வந்துட்டாரு. உரிமம் கையில வர்ற வரைக்கும் மூச்சு விடாதீங்க. தண்ணி மட்டத்துக்குக் கீழே எந்தப் புத்திசாலி ஓட்டை போட்டதுன்னு கண்டிப்பா கேப்பாரு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் பேசிக்கறேன்… ஏங்க! உங்களைத்தாங்க! கொஞ்சம் இப்படி முன்னாடி வந்து நில்லுங்க."