ஆவி வீணாகக் கூடாது

வெந்நீரைச் சாக்கடையில் கொட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும், ஐயா. சாப்பாட்டைப் பாதியில் வைத்து, அந்தத் தட்டிலேயே கை கழுவி எழுந்து போவதைப் போன்ற அசிங்கம் அது. என் தங்கை புருஷன் அப்படித்தான் சாப்பிடுவான்.

எங்கள் ஆலையில் கரைப்பானைக் காய்ச்சி வடிக்கும் கோபுரங்கள் இரண்டு. முதல் கோபுரத்தின் உச்சியில் வரும் ஆவியை முன்பெல்லாம் குளிர்நீரில் விட்டு ஆற்றிவிடுவார்கள். அந்தச் சூட்டைக் குழாயில் திருப்பி, இரண்டாவது கோபுரத்தின் அடியைக் கொதிக்க வைக்கலாம் என்று மேலாளரைச் சுற்றிச் சுற்றி வந்து சாதித்தவன் நான். பாய்லர் எரிபொருள் பாதியாகக் குறைந்தது. பாராட்ட ஆளில்லை, கஞ்சப்பிசினாறி என்று பெயர் வைத்தார்கள். வைத்தவன் மாப்பிள்ளைதான். அவனுக்கு இங்கே ஃபிட்டர் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். என் வீட்டில் இருந்துகொண்டு என் துண்டில் மூக்கைத் துடைப்பான். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்று இரண்டாவது கோபுரத்தை நிறுத்தி, உள்ளே படிந்திருந்த கசடைச் சுரண்ட அவனை அனுப்பினார்கள். அடியில் கழுவிய தண்ணீர் தேங்கியிருந்தது. முதல் கோபுரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சூடெல்லாம் பழையபடி குளிர்நீருக்குப் போனது. எனக்கு மனசு ஆறவில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னேன். உள்ளே நுழையுமுன் எல்லோர் எதிரிலும் சொன்னான்:

"போனா போகட்டும் விடுய்யா. உங்கப்பன் வீட்டு ஆவியா?"

சிரித்துவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். ஆள் நுழையும் வழியில் காவல் நிற்க வேண்டியவனும் கூடவே போனான்.

நான் அந்தச் சூட்டுக் குழாயின் வால்வைத் திறந்தேன். கொஞ்சமாகத்தான். தண்ணீர் சூடேறியது. ஆள் நுழையும் வழி திறந்து கிடந்ததால் வெப்பம் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆகவே மூடியைச் சாத்தினேன். இடுக்கு வழியாகவும் போகுமே என்று நட்டுகளை முடுக்கினேன். பொறுப்புள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள்.

திறந்தபோது வந்த வாடையைப் பற்றிக் கேட்காதீர்கள், எனக்கு வாடை ஆகாது. தங்கை என் முகத்தில் காறித் துப்பினாள். எச்சில் என்றால் எனக்கு எவ்வளவு அருவருப்பு என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் துப்பினாள்.

உள்ளே தட்டிய சத்தம் கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்டது. கொதி வந்தால் கோபுரம் தடதடக்கத்தான் செய்யும். கொதி 'மச்சான்' என்று கூப்பிடுமா என்கிறீர்கள். கூப்பிட்டான்தான். அவ்வளவு மரியாதையாக அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை. காதுக்கு இதமாக இருந்தது. சத்தம் நிற்கும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.